கிணற்றடிக் கற்றாழை

சென்ற வருடம் நோன்புப் பெருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது என் மகள் ஒரு பூச்சாடியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். சாடிக்குள் வாள் மாதிரி விறைத்த இலைகளோடு ஒரு செடி. இலை நுனிகளில் ஊசி.

"இது யுக்கா, உம்மா. பாலைவனச் செடி. தண்ணியே தேவையில்லை. வளவில கல்லும் மணலும் போட்டு நடுவில இதை வச்சா வடிவா இருக்கும்."

விலையைக் கேட்டேன். சொன்னாள். எங்கள் வீட்டுக்கு ஒரு கிழமைக்கு மீன் வாங்கலாம்!

"தண்ணி இல்லாமல் வளர்கிற செடிக்கா இவ்வளவு காசு? நம்மட கிணற்றடியில ஒன்று இருபது வருஷம் ஒருத்தரும் தண்ணி ஊற்றாமல் கிடந்ததே, அதைப் பார்த்தியா?" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். "அது கத்தாழைதானே, உம்மா!"

அந்தத் 'தானே' என்னைச் சுட்டது. அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் புத்தளத்தில் பிறந்தவள். கிணற்றடிக் கற்றாழையின் கதையை நான் அவளுக்கு முழுதாகச் சொன்னதே இல்லை. அன்று இரவு தராவீஹ் முடிந்த பிறகு சொன்னேன். அதைத்தான் சகோதரிகளே, உங்களுக்கும் எழுதுகிறேன்.

எங்கள் வீடு யாழ்ப்பாணம் சோனகத் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு ஒழுங்கையில் இருந்தது. வாப்பாவுக்கு இரும்புக்கடை. உம்மாவுக்கு வீடும் வளவும்தான் உலகம். வளவு என்றால் பெரிய தோட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு முருங்கை, ஒரு மாதுளை, ஒரு கறிவேப்பிலை, கிணற்றடியில் வாழை. கிணற்றின் மேற்குப் பக்கத்தில், சலவைக்கல்லைத் தாண்டி வெறும் கல்லாகக் கிடந்த இடத்தில் கற்றாழைப் புதர்.

யாழ்ப்பாணத்து மண்ணைப் பற்றி மற்ற ஊர்ச் சகோதரிகளுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குடாநாட்டின் அடியில் இருப்பது முழுக்கச் சுண்ணாம்புக்கல். மேலே மெல்லிய மண். சில இடங்களில் அதுவும் இல்லை, அலவாங்கு போட்டால் 'டங்' என்று சத்தம் கேட்கும். ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு ஒன்றுகூட எங்களுக்கு இல்லை. வழுக்கையாறு என்று பெயருக்கு ஒன்று உண்டு. அதுவும் மாரியில் மட்டும்தான் ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழை கல்லின் வெடிப்புகளில் இறங்கி, அடியிலிருக்கிற உப்புத் தண்ணீரின் மேல் ஒரு நன்னீர்ப் படலமாக மிதந்து நிற்கும். அதைத்தான் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். கணக்கில்லாமல் இறைத்தால் கீழேயிருக்கிற உவர் மேலே வந்துவிடும். வைகாசியில் சோளகக் காற்று தொடங்கிவிட்டால் வளவெல்லாம் புழுதிதான். கிணற்றில் வாளி அடியைத் தட்டும். அந்த நாட்களில் மாதுளைகூட வாடி நிற்கும். கற்றாழை மட்டும் சிரித்துக்கொண்டு நிற்கும்.

இது எப்படி என்று எனக்கு ரொம்ப காலம் தெரியாது. பிறகு மகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் படித்தேன். மற்றச் செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து மூச்சு விடும். அந்த வழியால் நீரும் ஆவியாகப் போய்விடும். கற்றாழையோ பகல் முழுக்கத் துளைகளை மூடிக்கொண்டு, வெயில் சாய்ந்து இரவானதும் திறக்கிறது. இரவில் உள்ளே எடுத்ததை ஒரு புளிப்புப் பொருளாகச் சேமித்து வைத்து, மறுநாள் வெளிச்சத்தில் அதைக்கொண்டு தனக்கு உணவு செய்துகொள்கிறது. பகலெல்லாம் வாயைக் கட்டி, பொழுது பட்டதும் திறப்பது! படித்தபோது எனக்கு நம் ரமழான்தான் ஞாபகம் வந்தது. தடித்த மடலுக்குள்ளே இருக்கிற சோறு போன்ற பகுதி முழுக்க நீர். குளத்தைத் தோளில் சுமந்துகொண்டு நிற்கிற செடி அது.

உம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் செடி எதற்கு உதவும் என்று தெரியும். அடுப்படியில் கை சுட்டால் கற்றாழை. தலை சூடென்றால் கற்றாழை. தம்பிக்குப் பால் மறக்கடிக்க உம்மா அந்த மஞ்சள் கசப்பைத்தான் பூசிக்கொண்டா. அவன் வாயை வைத்துவிட்டு உம்மாவை ஒரு துரோகியைப் பார்ப்பது போல் பார்த்தது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

1990 ஒக்ரோபர் 30, செவ்வாய்க்கிழமை. எனக்குப் பதினேழு வயது. காலையில் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் எங்கள் தெருவழியாகப் போனது. வீட்டுக்கு ஒருவர் ஜின்னா மைதானத்துக்கு வரவேண்டும் என்றார்கள். வாப்பா போனார். அந்தப் பதற்றத்தில் ஆறு வயதுத் தம்பி அடுப்படிக்குள் ஓடி, இறக்கி வைத்த தேத்தண்ணிச் சட்டியில் கையை வைத்துவிட்டான். முழங்கை வரை வெந்துவிட்டது. உம்மா அவனைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போய் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினா. அந்த நேரம்தான் வாப்பா வந்து நின்றார். முகத்தில் இரத்தமே இல்லை.

"இரண்டு மணித்தியாலத்தில் எல்லாரும் போகவேணுமாம்."

"எங்கே?" என்றா உம்மா.

வாப்பாவுக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

உம்மா ஒரு மடலைப் பிடித்து இழுத்தா. அவசரத்தில் மடல் மட்டும் வரவில்லை. ஒரு கன்று வேரோடு கையில் வந்துவிட்டது. அதை அப்படியே ஈரத்துணியில் சுற்றித் தம்பியின் மாற்றுச் சட்டையோடு பொட்டலத்தில் வைத்தா. உம்மா அன்று யோசித்துத்தான் கன்றை எடுத்தாவா என்று பிறகு பலமுறை கேட்டிருக்கிறேன். "யோசிக்க எங்க பிள்ளை நேரம்?" என்பாதான். ஆனாலும் பாருங்கள், மடலை மட்டும் கொண்டுபோயிருந்தால் அது அழுகி முடிந்திருக்கும். கற்றாழை மடலிலிருந்து துளிர்ப்பது அபூர்வம், கன்றுதான் பிழைக்கும்.

வழியில் சோதித்தார்கள். பணம், நகை, வீட்டு உறுதி எதையும் விடவில்லை. ராத்தாவின் காதிலிருந்த தோட்டையும் கழற்றச் சொன்னார்கள். ஆயுதத்தோடு நின்றவர்களில் ஒருவன் எங்கள் பொட்டலத்தை அவிழ்த்தான். என் வயதுதான் இருக்கும்.

"இதென்ன?"

"கத்தாழை, தம்பி. பிள்ளைக்குக் கை வெந்துபோச்சு."

அவன் தம்பியின் கையைப் பார்த்தான். துணியைத் திரும்பச் சுற்றி உம்மாவின் மடியில் வைத்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டான். எங்கள் வீட்டிலிருந்து வெளியே வந்தது அந்தக் கன்றும் உடுத்த உடுப்பும்தான்.

அந்த மாதம் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் சுமார் 75 ஆயிரம் முஸ்லிம்கள் இப்படி வெளியேற்றப்பட்டார்கள். பஸ்ஸிலும் லொறியிலும் நடையுமாகப் போனவர்களில் பெரும்பாலானோர் புத்தளத்தில் போய் நின்றோம். அந்த ஊர்ச் சனங்கள் பள்ளிவாசலையும் பாடசாலைகளையும் திறந்து சோறு போட்டார்கள். அல்லாஹ் அவர்களுக்கு அருள் செய்வானாக. பிறகு தென்னந்தோப்புக்குள் கிடுகுக் குடிசைகள். கால் வைத்தால் புதைகிற மணல். உம்மா குடிசையின் பின்புறத்தில் கன்றை நட்டா.

அது பிடித்துக்கொண்டது. ஒரு வருடத்தில் காலைச் சுற்றி மூன்று நான்கு குட்டிகள். இந்தச் செடி விதை போட்டுப் பெருகுவது அரிது. தாய்ச் செடியின் காலடியிலிருந்தே பிள்ளைகள் கிளம்பும். உம்மா ஒவ்வொன்றாகப் பிரித்து அடுத்த குடிசை, அதற்கடுத்த குடிசை என்று கொடுத்தா. கிடுகுக் குடிசையில் அடுப்பெரித்து வாழ்கிற பெண்களுக்கு தீக்காயம் தினச் செய்தி. ஐந்தாறு வருடத்தில் எங்கள் முகாமில் கற்றாழை இல்லாத வாசல் இல்லை. சிலர் அதைத் தலைகீழாக வாசலில் கட்டித் தொங்கவிட்டார்கள், கண்ணூறு படாது என்று. உம்மாவுக்கு அதில் கோபம். "செடி என்ன செய்யும்? காப்பது அல்லாஹ்" என்று சத்தம் போடுவா. எனக்கும் அந்த நம்பிக்கை இல்லை. ஆனால் மண்ணும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் கயிற்றில் மாதக்கணக்காகத் தொங்கியும் அது சாகாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

முகாமில் எனக்கு வெறுத்துப்போன சொல் ஒன்று உண்டு. சொல்லக்கூடாதுதான், ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன். 'ஸபுர்'. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்லுவார்கள். ஸபுர் செய்யுங்கள், ஸபுர் செய்யுங்கள். உயர்தரப் பரீட்சை எழுதவேண்டிய நான் கக்கூஸுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு காலம் ஸபுர் செய்வது? உம்மா அந்தச் சொல்லைச் சொன்னாலும் எழுந்து போய்விடுவேன்.

கலியாணமாகி மகள் மதரஸாவுக்குப் போகிற காலத்தில்தான் அங்கே படிப்பித்த ஆலிமா ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: அரபியில் கற்றாழைக்குப் பெயர் ஸபிர். பொறுமைக்கு உள்ள அதே மூன்று எழுத்துக்கள், ஸாத், பா, றா. அதன் கசப்புப் பாலைக் காய்ச்சி உறையவைத்ததைத்தான் நம் நாட்டு மருந்துக்கடையில் கரியபோளம், மூசாம்பரம் என்று விற்கிறார்கள். இஹ்ராமில் இருப்பவருக்குக் கண் நோவு வந்தால் அதை வைத்துக் கட்டலாம் என்று உஸ்மான் (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் பதிவாகியிருக்கிறதாம். வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னேன். உம்மா சிரித்தா. "அப்ப நீ இவ்வளவு நாளும் தலையில பூசினது என்ன?"

உம்மா 2006இல் புத்தளத்தில் மௌத்தானா. ஊரைத் திரும்பிப் பார்க்கவில்லை. 2002இல் சமாதானம் என்று பாதை திறந்தபோது சிலர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். உம்மாவுக்குக் கால் முடியவில்லை. போனவர்களிடம் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை. கிணற்றைப் பற்றித்தான் கேட்டா.

2009இல் யுத்தம் முடிந்தது. 2010 ஜூலையில் நானும் என் மாப்பிள்ளையும் பிள்ளைகளோடு யாழ்ப்பாணம் வந்தோம். வீட்டுக்குக் கூரை இல்லை. ஓடு, வளை, கதவு, நிலை ஒன்றும் இல்லை. சுவரைப் பிளந்துகொண்டு ஆலங்கன்று. குசினி இருந்த இடத்தில் என் உயரத்துக்கு நாயுருவியும் முள்ளும். சோளகம் வீசி, எல்லாம் காய்ந்து கருகிக் கிடந்த மாதம். கத்தியால் வெட்டி வழி செய்துகொண்டு கிணற்றடிக்குப் போனேன். மேற்குப் பக்கத்தில் புதர் இருந்தது! ஒரு பாய் அகலத்துக்குப் பரவி, வெயிலில் மடலெல்லாம் செங்கபில நிறமாகி, ஆனால் உயிரோடு. நான் சலவைக்கல்லில் உட்கார்ந்து அழுதேன். வீட்டைப் பார்த்தபோது வராத அழுகை.

சில மடல்களில் கத்தியால் வெட்டிய அடையாளம் இருந்தது. பழைய வெட்டும் புதிய வெட்டும். மறுநாள் அதற்குப் பதில் வந்தது. பின் ஒழுங்கையில் இருக்கிற தமிழ் அக்கா ஒருவர் வந்து வேலிக்கு அந்தப் பக்கமாக நின்றார். உம்மாவின் பேரைச் சொல்லி, "அவவின்ர மூத்த பிள்ளையோ, இளையதோ?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

"நான்தான் பிள்ளை இடைக்கிடை வந்து கத்தாழை வெட்டுறனான். கேக்க ஒருத்தரும் இல்லைத்தானே."

எனக்குள் என்னென்னவோ வந்தது. எங்கள் கதவுகள் யார் வீட்டில் இருக்கின்றன? அன்றைக்கு நாங்கள் போகும்போது நீங்கள் எங்கே நின்றீர்கள்? கேட்கவில்லை. அந்த அக்காவும் யுத்தத்தில் ஒரு மகனை இழந்தவர் என்று பிறகு தெரிந்தது. "உம்மா மௌத்தாகிட்டா" என்று மட்டும் சொன்னேன். அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நல்ல மனுசி" என்றார். இந்த உறவைப் பற்றி இதற்கு மேல் எனக்கு எழுதத் தெரியவில்லை.

வந்த புதிதில் சிலர் எங்களைப் பார்த்து, "நீங்க புத்தளத்து ஆக்கள்தானே" என்பார்கள். புத்தளத்திலோ இருபது வருடமும் நாங்கள் "யாழ்ப்பாணத்து அகதி". இன்னும் சிலர், சோனகர் எல்லாம் கடல் கடந்து வந்தவர்கள்தானே என்று ஒரு மாதிரியாகச் சொல்லுவார்கள். எது இந்த மண்ணுக்குச் சொந்தம்? கற்றாழையே அரேபியாச் செடிதான் என்று 2015இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு காட்டியது. எந்தக் கப்பலில், யார் மடியில் வந்ததோ! அது இருக்கட்டும், யாழ்ப்பாணத்துக் கூழில் போடுகிற மிளகாயும் மரவள்ளியும் எங்கிருந்து வந்தன? ஊருக்கே பேர் வாங்கித் தந்த புகையிலை? எல்லாம் அமெரிக்காக் கண்டத்துச் சரக்கு. அவற்றை யாராவது "வந்தான் வரத்தான்" என்கிறார்களா? இந்தக் கல்லில் வேர்விட்டு, இந்த உவரைக் குடித்து நின்றால் அது இந்த ஊர்ச் செடி. மனிதருக்கு மட்டும் ஏன் வேறு கணக்கு?

சரி, செடியை வளர்ப்பது பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன். ஏனென்றால் நானே முதலில் அதைக் கொன்றவள்.

புதரிலிருந்து பத்துக் கன்றுகளைப் பிரித்து, ஆசையாகக் கழிவுத் தண்ணீர் ஓடுகிற பள்ளத்துக்குப் பக்கத்தில் நட்டேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். ஐப்பசி மழை வேறு வந்தது. ஒரு மாதத்தில் அடிமடலெல்லாம் பழுப்பாகி, கூழாகி, நாற்றமெடுத்து எட்டு செத்தன. இருபது வருடம் ஒருவரும் பார்க்காமல் பிழைத்ததை நான் இரண்டு மாதம் பார்த்துக் கொன்றேன்! அன்பு கூடினாலும் பிள்ளை கெடும் என்பா உம்மா.

பிறகு என் மாப்பிள்ளை ஒரு யோசனை சொன்னார். வீடு திருத்தும்போது இடிந்த சுவரின் கல்லும் சுண்ணாம்புக் காரையும் உடைந்த ஓடும் மலையாகக் குவிந்திருந்தது. அதை அள்ளிப்போட லொறிக்குக் காசு கொடுப்பானேன்? கிணற்றுக்கு மேற்கே ஒன்றரை அடி உயரத்துக்கு அதையே பரப்பினோம். மேலே செம்மண்ணும் மணலும் பாதிக்குப் பாதி. எங்கள் குசினிச் சுவரின் நீலப் பூச்சுத் துண்டுகள் அதற்குள் கிடந்தன. கன்றை வேரோடு எடுத்து, இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்த பிறகு அதில் நட்டேன். நட்ட கிழமை தண்ணீர் ஊற்றவில்லை. அதன்பிறகு கோடையில் பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒருமுறை. மாரியில் ஒரு சொட்டுக்கூட இல்லை. மழை எவ்வளவு பெய்தாலும் கல்லிடுக்கால் இறங்கி ஓடிவிடும். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உவர்த்தாலும் அது பொருட்படுத்துவதில்லை. இன்று அந்தத் திடலில் எண்ணிக்கை இல்லை. மாசியில் மஞ்சள் பூத்தண்டு எழும்பும், தேன்சிட்டு வரும்.

பாவிக்கும்போது கவனம் தேவை, சகோதரிகளே. மடலை வெட்டியதும் தோலுக்கடியிலிருந்து மஞ்சளாக ஒரு பால் வடியும். அதுதான் கசப்பு. மடலைப் பத்துப் பதினைந்து நிமிடம் நிமிர்த்தி வைத்து வடியவிட்டு, கழுவி, உள்ளேயிருக்கிற கண்ணாடி போன்ற சோற்றை மட்டும் எடுங்கள். அந்த மஞ்சள் கடும் பேதி. கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் அதை உள்ளே எடுக்கவே கூடாது. கடைகளில் விற்கும் கற்றாழைப் பேதி மருந்துகளை அமெரிக்காவின் மருந்து நிர்வாகம் 2002இலேயே நிறுத்தச் சொல்லிவிட்டது. தீக்காயத்துக்கு முதல் மருந்து குளிர்ந்த தண்ணீர்தான். இருபது நிமிடமாவது தண்ணீரில் பிடித்த பிறகே சோற்றைத் தடவலாம்; அதுவும் சின்னக் காயத்துக்கு. பெரிதாகக் கொப்பளித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பற்பசை பூசாதீர்கள். தம்பியின் கையில் தழும்பு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. இன்று அவனுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. குடும்பத்தோடு புத்தளத்திலேயே இருக்கிறான். அங்கே அவன் வாசலில் நிற்பது உம்மா நட்ட செடியின் பிள்ளை. "நீ ஊருக்கு வரவில்லையா?" என்றால், "இதுவும் ஊர்தானே ராத்தா" என்கிறான். அவனோடு நான் வாதாடுவதில்லை.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மகள் நெடுநேரம் பேசவில்லை. "இதையெல்லாம் ஏன் உம்மா எங்களுக்கு முதலே சொல்லல்ல?" என்றாள். சொல்லியிருக்க வேண்டும்தான். மறுநாள் காலை பார்க்கிறேன், யுக்காச் சாடியைக் கொண்டுபோய்க் கற்றாழைத் திடலின் ஓரத்தில் வைத்திருக்கிறாள். அதற்கும் ஒரு கதை உண்டு என்று அவளே படித்துச் சொன்னாள். அமெரிக்க வறண்ட நிலத்தில் யுக்காவுக்கென்றே ஒரு சின்ன வெள்ளை அந்துப்பூச்சி இருக்கிறதாம். அது வந்து மகரந்தம் சேர்த்தால்தான் பெரும்பாலான யுக்காக்கள் காய்க்கும். அந்தப் பூச்சியைக் கூட்டிவராமல் செடி மட்டும் உலகமெல்லாம் போய்விட்டது, பூக்கும், காய்க்காது. "பாவம்" என்றாள் மகள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. சாடியை உடைத்துத் திடலிலேயே நட்டோம். இப்போது இரண்டு புது இலை விட்டிருக்கிறது.

போன கிழமை அஸர் தொழுதுவிட்டு எழும்பும்போது பின்வேலியில் அந்த அக்காவின் குரல் கேட்டது. முன்னரெல்லாம் கேளாமல் வெட்டியவர், இந்தப் பதினைந்து வருடமாக ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் வெட்டுகிறார்.

"பிள்ளை, ஒரு மடல் வெட்டட்டே? பேத்தி கையைச் சுட்டுப்போட்டாள்."

"முதலில தண்ணியில பிடியுங்கோ அக்கா, நான் கொண்டு வாறன்" என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.